மயக்க ஊசி போடப்போறது யாரு பாஸ்?

இன்டர்னல் மார்க், அரியர்ஸ், ஹாஸ்டல் சாம்பார் கவலையை எல்லாம் கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. ஆபரேஷன் தியேட்டர்ல நீங்க படுத்திருக்கும்போது உங்க உயிர் யார் கையில இருக்கு?

"இதெல்லாம் ஒரு கேள்வியா? கத்தி பிடிக்கிற சர்ஜன் கையிலதான்!"னு சொன்னா பாதி மார்க்தான். உங்க தலைமாட்டுல ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். நீங்க கண்ணு மூடுறதுக்கு முன்னாடி கடைசியா பார்க்கிற முகமும், கண்ணு திறந்ததும் முதல்ல பார்க்கிற முகமும் பெரும்பாலும் அவரோடதுதான். ஆனா டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போனா சர்ஜன் பேரை ஊருக்கே சொல்வோம். அவர் பேர் நமக்குத் தெரியவே தெரியாது. அவர்தான் மயக்க மருந்து டாக்டர்.

இப்போ அந்த நாற்காலிக்குப் பக்கத்துல இன்னொரு ஆளும் வந்து நிக்குது. அதுதான் ஏ.ஐ. என்கிற செயற்கை நுண்ணறிவு. 'இனிமே மெஷினே மயக்க ஊசி போட்டுடும்'னு ஒரு கோஷ்டி குஷியா சொல்லுது. 'ஐயோ, மெஷினை நம்பி படுக்கறதா?'னு இன்னொரு கோஷ்டி அலறுது. யார் சொல்றது சரி? பெரம்பலூர், அரியலூர் பக்கம் நின்னு பார்த்தா இந்தக் கேள்விக்கு வேற ஒரு கலர் கிடைக்குது. வாங்க, பார்க்கலாம்.

தூங்க வைக்கிறது மட்டுமா வேலை?

1846 அக்டோபர் 16-ம் தேதி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் டாக்டர், ஈதர் ஆவியை மோந்து பார்க்க வெச்சு ஒருத்தரைத் தூங்க வெச்சார். வலி தெரியாம ஆபரேஷன் முடிஞ்சது. அடுத்த வருஷமே ஈதர் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்துடுச்சு. அதுக்கு முன்னாடி எல்லாம் நாலு பேர் கை, காலை அமுக்கிப் பிடிக்க, சர்ஜன் எவ்வளவு வேகமா வெட்டறாரோ அவ்வளவுக்கு அவர் நல்ல சர்ஜன்!

ஆனா தூங்க வைக்கிறது இந்த வேலையில சின்னப் பகுதிதான். தூங்கினவரோட மூச்சு, நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், ரத்தத்துல இருக்கிற ஆக்சிஜன், வெளியே வர்ற கார்பன் டை ஆக்சைடு, உடம்புச் சூடு இத்தனையையும் நிமிஷத்துக்கு நிமிஷம் கவனிக்கணும். மூளைக்கு நாலஞ்சு நிமிஷம் ஆக்சிஜன் போகலைன்னாலே பாதிப்பு ஆரம்பிச்சுடும். அதனாலதான் எம்.பி.பி.எஸ். முடிச்ச பிறகும் மூணு வருஷம் எம்.டி. படிக்கணும்.

பிரசவ கேஸையே எடுத்துக்குங்க. சிசேரியனுக்கு முதுகுல ஒரு ஊசி போடுவாங்க. அம்மா முழிச்சுட்டுதான் இருப்பாங்க, இடுப்புக்குக் கீழே மரத்துப் போயிருக்கும். ஊசி போட்ட சில நிமிஷத்துல பிரஷர் சடார்னு இறங்கலாம். அதை உடனே பிடிக்கலைன்னா அம்மாவுக்கும் கஷ்டம், உள்ளே இருக்கிற குழந்தைக்கும் கஷ்டம். அந்தச் சில நிமிஷத்தை யார் பார்த்துக்கறாங்க என்பதுதான் மேட்டரே!

மெஷின் வந்த கதை

உங்க கிளாஸ்ல யாராவது பந்தாவா 'இது லேட்டஸ்ட் டெக்னாலஜி'ன்னு பீட்டர் விட்டா இந்தக் கதையைச் சொல்லுங்க. 2008-லேயே கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 'மெக்ஸ்லீப்பி' என்று ஒரு கருவியை வெச்சு மயக்கம் கொடுத்துப் பார்த்துட்டாங்க. தூக்கம், வலி நிவாரணம், தசைத் தளர்ச்சி மூணையும் அதுவே கணக்குப் போட்டுக் கொடுத்தது.

'அதெல்லாம் ஃபாரின்ல'ன்னு உச்சுக் கொட்டாதீங்க. நம்ம சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனையில டாக்டர் ஜி.டி.பூரி தலைமையிலான குழு 'கிளாட்ஸ்' என்ற கருவியை உருவாக்கி, 2007-ல் அதோட செயல்பாட்டை ஆய்வுக் கட்டுரையா வெளியிட்டாங்க. லே மாதிரி கடல் மட்டத்துக்கு மேல 3,500 மீட்டர் உயரத்துல இருக்கிற ஊர்லகூட அதைச் சோதிச்சுப் பார்த்தாங்க. நூறு சதவிகிதம் உள்ளூர் சரக்கு!

இது எப்படி வேலை செய்யுது? ரொம்ப சிம்பிள். உங்க வீட்டு ஏ.சி.யை 24-ல வெச்சா என்ன பண்ணும்? ரூம் சூட்டை அளந்து, அதிகமானா ஓடும், குறைஞ்சா நிக்கும். அதே மாதிரி நெத்தியில ஒட்டின சென்சார் மூளையோட மின் அலைகளை அளந்து 0-லிருந்து 100-க்குள்ள ஒரு எண் சொல்லும். 100-க்குப் பக்கத்துல இருந்தா நல்லா முழிச்சிருக்கார். ஆபரேஷனுக்கு 40-லிருந்து 60 வரை இருக்கணும். எண் ஏறினா 'புரோபோஃபால்' மருந்தைக் கொஞ்சம் கூட்டும், இறங்கினா குறைக்கும். இது தானே கற்றுக்கொள்கிற ஏ.ஐ. இல்லை, அதோட தாத்தான்னு வேணா சொல்லலாம். இன்றைய ஏ.ஐ. அடுத்த படி. ஆயிரக்கணக்கான பழைய நோயாளிகளோட பதிவுகளைப் படிச்சு, 'இவருக்கு இனிமே என்ன ஆகும்?'னு முன்கூட்டியே சொல்லப் பார்க்குது.

ப்ளஸ் பாயின்ட்ஸ்

நல்லதை முதல்ல சொல்லிடுவோம். மனுஷன் களைச்சுப் போவான். ராத்திரி ரெண்டு மணிக்கு மூணாவது கேஸ் பார்க்கிற டாக்டருக்குக் கண்ணு சொக்கும். மெஷினுக்குத் தூக்கமும் வராது, டீயும் வேண்டாம்!

பிரஷர் இறங்குறதுக்குச் சில நிமிஷம் முன்னாடியே எச்சரிக்கிற ஒரு ஏ.ஐ. கருவிக்கு 2018-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைச்சது. ஆம்ஸ்டர்டாமில் 68 பேரை வெச்சு ஒரு சோதனை பண்ணி 2020-ல் முடிவை வெளியிட்டாங்க. சாதாரணமா கவனிச்சவங்களுக்கு ஆபரேஷன் நேரத்துல பிரஷர் குறைஞ்சு கிடந்தது நடுவாந்தரமா 33 நிமிஷம். இந்தக் கருவியோட எச்சரிக்கையைக் கேட்டு வைத்தியம் பண்ணினவங்களுக்கு 8 நிமிஷம்தான். சூப்பர் இல்லே?

இன்னொண்ணு. கை, கால் ஆபரேஷனுக்கு முழு மயக்கம் தேவையில்லை. அந்தப் பகுதிக்குப் போற நரம்பைத் தேடி மரக்கடிச்சாலே போதும். அல்ட்ராசவுண்ட் திரையில நரம்பு எது, ரத்தக்குழாய் எதுன்னு கண்டுபிடிக்கிறது புதுசா கத்துக்கிறவங்களுக்குப் பெரிய தலைவலி. கிரிக்கெட் மேட்ச்ல பிட்ச் மேல கலர் பட்டை போட்டுக் காட்டுவாங்களே, அது மாதிரி நரம்புக்கு ஒரு கலர், ரத்தக்குழாய்க்கு ஒரு கலர்னு அடிச்சுக் காட்டுற ஏ.ஐ. மென்பொருளும் வந்துடுச்சு. ஊசியைப் பிடிக்கிற கை மட்டும் டாக்டரோடது.

மெஷினுக்குத் தெரியாத பெரம்பலூர்

இனிமேதான் கதையே. மயக்க மருந்து டாக்டர் ஆபரேஷனுக்கு முன்னாடி உங்ககிட்ட வந்து பேசுவார். 'என்ன வேலை பார்க்கறீங்க?'னு கேட்பார். சும்மா டைம் பாஸுக்குக் கேட்கிறார்னு நினைக்காதீங்க.

பெரம்பலூர் மாவட்டம் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் பேர் போனது. பருத்தி வயல்ல முகமூடி இல்லாம பூச்சி மருந்து அடிக்கிற ஒரு அண்ணன் குடல்வால் ஆபரேஷனுக்கு வர்றார்னு வெச்சுக்குங்க. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சி மருந்து உடம்புல ஏறியிருந்தா, ரத்தத்துல இருக்கிற ஒரு நொதியோட வேலை குறைஞ்சிடும். தொண்டையில டியூப் இறக்க தசையைத் தளர்த்துவாங்களே, 'சக்சமெத்தோனியம்'னு ஒரு மருந்து, அதை உடைக்கிறதும் அதே நொதிதான். சாதாரணமா பத்து நிமிஷத்துக்குள்ள தெளியற மருந்து, இவருக்கு மணிக்கணக்கா இழுக்கலாம். அதுவரைக்கும் அவரால சொந்தமா மூச்சு விட முடியாது! 'நேத்து வயல்ல மருந்து அடிச்சேன் சார்'ங்கிற ஒரே ஒரு வாக்கியம் அந்த டாக்டரோட பிளானையே மாத்திடும்.

அந்த வாக்கியம் எந்த கம்ப்யூட்டர்ல இருக்கு? கேஸ் ஷீட்ல 'விவசாயி'ன்னு ஒரு வார்த்தை இருந்தாலே பெரிய விஷயம். ஆம்ஸ்டர்டாம்லயும் அமெரிக்காவுலயும் சேர்த்த பதிவுகளைப் படிச்சு வளர்ந்த ஏ.ஐ.க்கு நம்ம செட்டிகுளம் வெங்காயக் காட்டுல என்ன தெளிக்கிறாங்கன்னு எப்படித் தெரியும்?

இன்னொரு உதாரணம். முகத்தோட போட்டோவைப் பார்த்தே 'இவருக்கு டியூப் இறக்கறது கஷ்டம்'னு சொல்ற ஆராய்ச்சி நடந்துட்டு இருக்கு. நல்ல விஷயம்தான். ஆனா வருஷக்கணக்கா பாக்கு, பான் மசாலா மென்னவங்களுக்கு வாய்க்குள்ள சதை இறுகி, வாயே ரெண்டு விரல் அளவுக்குத்தான் திறக்கும். வாயை மூடிட்டு போட்டோவுக்குச் சிரிச்சா இது தெரியுமா? 'ஆ காட்டுங்க'ன்னு டாக்டர் சொன்னாத்தான் தெரியும்.

மூணாவது விஷயம் நம்ம தோல் நிறம். விரல்ல மாட்டுற கிளிப், அதாங்க பல்ஸ் ஆக்ஸிமீட்டர், கொரோனா காலத்துல எல்லா வீட்லயும் இருந்ததே, அது தோல் வழியா ஒளியைப் பாய்ச்சித்தான் ஆக்சிஜனை அளக்குது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. கருவி 92-லிருந்து 96 வரை, அதாவது 'ஓ.கே.'ன்னு காட்டினபோது, ரத்தத்தை எடுத்துச் சோதிச்சா நிஜமா 88-க்கும் கீழே இருந்தவங்க வெள்ளையர்களில் 3.6 சதவிகிதம். கறுப்பினத்தவரில் 11.7 சதவிகிதம். அதாவது மூணு மடங்கு! அந்தத் தப்பான எண்ணை ஏ.ஐ.க்கு ஊட்டினா அது என்ன பண்ணும்? தப்பையே தைரியமா, தெளிவா, கலர் கிராஃப் போட்டுச் சொல்லும். சட்டியில இருக்கிறதுதானே அகப்பையில வரும்!

ஓவரா நம்பினா?

மேலே ஆம்ஸ்டர்டாம் ஆய்வைச் சொன்னேன் இல்லையா? அதே கருவியை வெச்சு அதே 2020-ல் அமெரிக்காவில் 214 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வுல, பிரஷர் குறைஞ்சு கிடந்த நேரத்துல பெரிய வித்தியாசமே இல்லை. கருவி கத்தின நேரத்துல ஏறக்குறைய பாதித் தடவை டாக்டர்கள் எதுவும் மாற்றலை. எச்சரிக்கை வந்து பிரஷர் இறங்க இருந்த இடைவெளியும் ரொம்பக் குறைவு. அப்புறம் சில ஆராய்ச்சியாளர்கள் 'இந்தக் கருவியோட திறமையைக் கொஞ்சம் கூட்டியே சொல்லிட்டாங்க, இப்போதைய பிரஷரைப் பார்த்தாலே ஏறக்குறைய அதே தகவல் கிடைக்குமே'ன்னும் கேட்டாங்க. ஒரே ஒரு ஆய்வைப் படிச்சுட்டு ஃபுல் மார்க் போடக்கூடாது என்பதுக்கு இது நல்ல பாடம்.

கருவியோட சத்தம் அதிகமானா மனுஷன் காதை மூடிக்குவான். சத்தமே வரலைன்னா 'எல்லாம் சரியாத்தான் இருக்கும்'னு சாய்ஞ்சு உட்காருவான். ரெண்டுமே ஆபத்து. இதைவிடப் பெரிய ஆபத்து, கை பழக்கம் விட்டுப் போறது. கால்குலேட்டர் வந்த பிறகு நம்மள்ல எத்தனை பேருக்கு பதினேழாம் வாய்ப்பாடு தெரியும்? மெஷினைப் பார்த்தே பயிற்சி எடுத்த டாக்டருக்கு, மெஷின் நின்னுபோன ராத்திரியில கை நடுங்கக்கூடாதே!

சரி, தப்பு நடந்தா யார் பொறுப்பு? 2020 ஏப்ரல் 1 முதல் நம்ம நாட்டுல மருத்துவ மென்பொருளும் மருத்துவக் கருவி என்ற வரையறைக்குள்ள வந்தாச்சு. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனா நோயாளியோட சொந்தக்காரர் 'ஏன் சார் இப்படி ஆச்சு?'னு கேட்கும்போது எதிர்ல நிக்கப் போறது மென்பொருள் இல்லை, டாக்டர்தான். 'கம்ப்யூட்டர் சொல்லுச்சு'ன்னு பதில் சொல்ல முடியாது. ஏன் சொல்லுச்சுன்னு பல நேரம் அந்த கம்ப்யூட்டராலயே விளக்க முடியாது!

செடாசிஸ் சொல்ற பாடம்

அமெரிக்காவில் 'செடாசிஸ்'னு ஒரு மெஷின். எண்டோஸ்கோப்பி மாதிரி சின்னப் பரிசோதனைகளுக்கு மயக்க மருந்து டாக்டர் பக்கத்தில் இல்லாமலேயே லேசான மயக்கம் கொடுக்க 2013-ல் அனுமதி வாங்கினது. கையில ஒரு கருவி அதிரும், காதுல ஒரு குரல் 'அமுக்குங்க'ன்னு சொல்லும். நீங்க அமுக்கலைன்னா ஆழமா தூங்கிட்டீங்கன்னு புரிஞ்சு மருந்தைக் குறைச்சுக்கும். செம ஐடியா! ஆனா அது ஆரோக்கியமான ஆளுங்களுக்கு, லேசான மயக்கத்துக்கு மட்டும்தான். அந்தப் புரோபோஃபாலுக்கு மாற்று மருந்தும் கிடையாது, போட்டது போட்டதுதான். ஆள் மூச்சை விட மறந்துட்டா, தாடையைத் தூக்கி மூச்சுக்குழாயைத் திறக்க ஒரு மனுஷக் கை வேணும். விற்பனை சரியா போகாம 2016-ல் கடையைக் கட்டிட்டாங்க.

இந்தக் கதை நமக்கு எதுக்கு? பெரம்பலூர் வழியா சென்னை - திருச்சி நெடுஞ்சாலை ஓடுது. அரியலூர்ல சிமென்ட் லாரிகள் ராத்திரி பகலா ஓடுது. விபத்து நேரம் பார்த்து வராது, பிரசவ வலியும் வராது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் அரியலூரும் ஒண்ணு. பெரம்பலூர்ல மாவட்ட அரசு மருத்துவமனை இருக்கு, பக்கத்துல சிறுவாச்சூர்ல தனியார் மருத்துவக் கல்லூரியும் இருக்கு. ஆனா நிபுணர்கள் பெரிய நகரங்கள்லயே குவியறது நாடு முழுக்க உள்ள பழைய வியாதி. அதனாலதான் எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கு 18 வாரம் மயக்க மருந்துப் பயிற்சி கொடுத்து அவசரப் பிரசவங்களுக்குத் தயார் பண்ற திட்டத்தையே மத்திய அரசு கொண்டுவந்தது. தனியார் மயக்க மருந்து டாக்டரை கேஸுக்கு இவ்வளவுன்னு அழைக்கிற முறையும் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்குப் பழசுதான்.

இந்த இடத்துலதான் ஆசை எட்டிப் பார்க்கும். 'டாக்டர் கிடைக்கலையா? விடுங்க, மெஷின் வாங்கிடலாம்!' டேஞ்சர் இங்கேதான் ஒளிஞ்சிருக்கு. சென்னையில ஏ.ஐ. வந்தா டாக்டருக்கு இன்னொரு கண்ணு கிடைக்கும். சின்ன ஊர்ல வந்தா டாக்டரோட நாற்காலியே காலியாகலாம். ஒரே மெஷின், ரெண்டு விதி!

18 வாரம் பயிற்சி முடிச்ச இளம் டாக்டருக்குப் பக்கத்துல 'பிரஷர் இறங்கப் போகுது, கவனி'ன்னு சொல்ற கருவி இருந்தா அது வரம். அந்த டாக்டர் இருக்க வேண்டிய இடத்துல கருவி மட்டும் இருந்தா அது வம்பு. எந்த மருத்துவமனையில ஏ.ஐ. வந்தாலும் நாம கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இது எவ்வளவு ஸ்மார்ட்?' இல்லை. 'இது தப்பு பண்ணினா உடனே கை வைக்க இங்கே யார் இருக்காங்க?'

உங்களுக்கு என்ன வேலை?

ஏ.ஐ., டேட்டா சயின்ஸ் படிக்கிறவங்களே! ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு இன்டர்நெட்ல கிடைக்கிற வெளிநாட்டு டேட்டாவை இறக்கி, 98 சதவிகிதம் சரின்னு ரிசல்ட் காட்டி கை தட்டல் வாங்காதீங்க. அந்த டேட்டாவுல பருத்திக்கு மருந்து அடிக்கிறவர் இருக்காரா, சிமென்ட் தூசியில வேலை பார்க்கிறவர் இருக்காரா, ரத்தசோகையோட வர்ற கர்ப்பிணி இருக்காங்களான்னு கேளுங்க. கரன்ட் போனா என்ன ஆகும்னும் சேர்த்துக் கேளுங்க.

நர்சிங், அனஸ்தீசியா டெக்னாலஜி படிக்கிறவங்களே! 'மெஷின் வந்தா எங்க வேலை போயிடுமா?'ன்னு பயப்படாதீங்க. கேஸ் ஷீட்ல நீங்க எழுதற ஒவ்வொரு வரியும்தான் நாளைக்கு ஏ.ஐ. படிக்கப் போற பாடப்புத்தகம். 'விவசாயி'ன்னு எழுதற இடத்துல 'பருத்தி, பூச்சி மருந்து தெளிப்பவர், கடைசியா தெளிச்சது நேத்து'ன்னு எழுதிப் பாருங்க. ஒரு உயிர் பிழைக்கலாம்.

மத்தவங்க எல்லாரும்? நாளைக்கே உங்களுக்கோ அம்மாவுக்கோ ஒரு ஆபரேஷன் வரலாம். மயக்க மருந்து டாக்டர்கிட்ட மட்டும் பொய் சொல்லாதீங்க. அப்பா பக்கத்துல நிக்கிறார்னு சிகரெட்டை மறைச்சா, அவரை வெளியே அனுப்பச் சொல்லிட்டாவது உண்மையைச் சொல்லுங்க. ஆடுற பல், ஜிம் பவுடர், நாட்டு மருந்து, முன்னாடி மயக்க ஊசியில வந்த பிரச்னை எல்லாத்தையும் கொட்டிடுங்க. வெறும் வயித்தோட வரச் சொன்னா வெறும் வயித்தோடதான்! பொதுவா சாப்பாடு 6 மணி நேரத்துக்கு முன்னாடியே நிறுத்தணும். 'ரெண்டு இட்லிதானே'ன்னு அம்மா ஊட்டிவிட்டா, அது மயக்கத்துல நுரையீரலுக்குள்ள போய் உட்கார்ந்துக்கும். நெயில் பாலிஷ் போட்டிருந்தா அழிச்சுட்டுப் போங்க கேர்ள்ஸ், விரல்ல மாட்டுற கிளிப் ஏமாந்துடும்!

அப்புறம் ஒரு சின்ன வேண்டுகோள். ஆபரேஷன் முடிஞ்சதும் சர்ஜனுக்கு 'தேங்க்ஸ்' சொல்வீங்க இல்லே? தலைமாட்டுல உட்கார்ந்திருந்தவரோட பேரையும் கேட்டு வெச்சுக்குங்க. அந்த நாற்காலியில ஒரு மனுஷர் இருந்தாரான்னு நாம கேட்டுட்டே இருந்தாத்தான், அதுல எப்பவும் ஒரு மனுஷர் இருப்பார்.

என்ன ஃப்ரெண்ட்ஸ், ஓ.கே.வா? அடுத்த வாரம் பார்க்கலாம்!